காக்கா, நரி, வடை, பாட்டி: பிள்ளைகள் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே கதாபாத்திரக் கப்கேக்

என் மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்குப் பெங்குவின் கப்கேக் செய்தேன். மே மாதம், சென்னை, மொட்டை மாடி. உடம்பு, வயிறு, இறக்கை, அலகு என்று ஒவ்வொன்றையும் ஃபாண்டன்ட்டில் (களிமண்போல் உருட்டி வெட்டக்கூடிய சர்க்கரை மாவு) வெட்டி ஒட்ட இரண்டு ராத்திரி தூக்கம் போனது. மாலை ஐந்தரைக்கெல்லாம் வெள்ளை வயிறு கீழே வழுக்கி இறங்கி, கறுப்பு உடம்பும் மஞ்சள் அலகும்தான் மிச்சம். முதலில் வந்த பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐ, காக்கா!" என்றான். அப்புறம் வந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அது காக்காதான். ஒருவருக்கும் குறையில்லை, என்னைத் தவிர.

அடுத்த வருடம் காக்காவையே செய்தேன். கூடவே நரி, வடை, பாட்டி. நம் பிள்ளைகள் சோறு தின்னும்போதே கேட்டு வளர்ந்த கதை. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு கப்கேக்கை வைத்துத்தான் இந்த வழிகாட்டி. இதில் வரும் வேலைகள் பழகிவிட்டால் சிங்கம், கரடி, டிவியில் வரும் ஏதோ ஒரு நீல நிறப் பூனை என எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

முதலில் அடையாளத்தைக் கண்டுபிடியுங்கள்

கடையில் விற்கும் கேக்கைப் பார்த்து முழு உருவத்தையும் அச்சு அசலாகக் கொண்டுவர நினைப்பதுதான் புதிதாகச் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். கப்கேக்கின் மேற்பரப்பு ஆறேழு சென்டிமீட்டர் அகலம்தான். அதில் கை, கால், சட்டைப் பொத்தான் எதுவும் அடங்காது. நிறம் ஒன்று, அடையாளம் இரண்டு. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எந்த இரண்டு என்று எப்படித் தெரியும்? பிள்ளையிடமே ஒரு காகிதத்தையும் க்ரேயானையும் கொடுத்து அந்தக் கதாபாத்திரத்தை வரையச் சொல்லுங்கள். நாலு வயதுப் பிள்ளை யானையை வரைந்தால் காதும் தும்பிக்கையும் இருக்கும், வேறு எதுவும் இருக்காது. நீங்கள் க்ரீமில் வைக்க வேண்டியதும் அவ்வளவுதான். என் மகள் வரைந்த நரியில் கூர்மையான காதும் வெள்ளைக் கன்னமும் இருந்தன. பாட்டிக்குக் கொண்டையும் கண்ணாடியும். காக்காவை வெறும் கறுப்பு வட்டமாகப் போட்டு வாயில் ஒரு வடையை வைத்திருந்தாள். அதைவிடச் சிறந்த வடிவமைப்பு எனக்குத் தோன்றியிருக்காது.

கண்ணைப் பற்றி ஒரு விஷயம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ், குழந்தை முகத்தைப் பார்த்தால் நமக்கு ஏன் கொஞ்சத் தோன்றுகிறது என்று 1943-இல் எழுதினார். பெரிய நெற்றி, முகத்தில் தாழ்வாக இருக்கும் பெரிய கண்கள், உப்பிய கன்னம். இதைக் கப்கேக்கில் அப்படியே பயன்படுத்தலாம். வட்டத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஒன்றுக்கொன்று கொஞ்சம் தள்ளிக் கண்களை வையுங்கள். நரி குட்டி நரியாகிவிடும். அதே கண்களை மேலே, நெருக்கி வைத்தால் வில்லன் முகம் வரும். நான் முதலில் செய்த நரி அப்படித்தான் இருந்தது, ஒரு பிள்ளை தொடமாட்டேன் என்றது.

கேக்: எண்ணெய்யும் தயிரும் போட்டது

அலங்காரத்துக்கு எந்தக் கேக் வேண்டுமானாலும் ஆகும் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் வெயிலில் க்ரீம் போட்ட கேக்கை ஃப்ரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும். வெண்ணெய் போட்டுச் செய்த கேக் ஃப்ரிட்ஜில் கல்லாகும். எண்ணெய்யில் செய்தது மெத்தென்றே இருக்கும். விருந்துக்கு வரும் பிள்ளைகளில் முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் தயிர்க் கேக்தான் என் வழக்கம்.

பன்னிரண்டு கப்கேக்குக்கு அளவு இது: மைதா ஒன்றரை கப், கெட்டித் தயிர் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், வாசனையில்லாத எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன். தயிர் புளித்திருக்கக் கூடாது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியும் போயிருக்க வேண்டும்.

தயிரையும் சர்க்கரையையும் கரையும்வரை அடித்து, பேக்கிங் பவுடரையும் சோடாவையும் போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். நுரைத்துப் பொங்கி வரும். அதில் எண்ணெய்யும் எசன்ஸும் சேர்த்து, சலித்த மைதாவை மூன்று தவணையாகப் போட்டு, மாவுத் திட்டு மறையும் வரை மட்டும் கலக்குங்கள். இட்லி மாவைக் கலக்குவதுபோல் போட்டு அடித்தால் கேக் ரப்பராகிவிடும்.

பேப்பர் கப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். முன்கூட்டியே சூடாக்கிய ஓடிஜியில் (மேடைமேல் வைக்கும் சின்ன மின்சார அவன்) 170 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வர வேண்டும். உங்கள் ஓடிஜியில் கேக் எப்போதும் கோபுரம்போல் எழும்பி வெடிக்கிறது என்றால் 160 டிகிரிக்கு இறக்கி, மூன்று நான்கு நிமிடம் கூட வையுங்கள். முகம் வரைய நமக்குத் தட்டையான மேல்பரப்புதான் வேண்டும். அப்படியும் எழும்பினால் ஆறியபின் ரம்பக் கத்தியால் சீவிவிடலாம். சீவிய துண்டுகளுக்கு வீட்டில் ஆள் இருக்கும்.

முழுதாக ஆறாமல் க்ரீம் போடவே கூடாது. தொட்டால் சூடு தெரியாவிட்டாலும் நடுவில் வெதுவெதுப்பு இருக்கும். இரண்டு மணி நேரமாவது விடுங்கள். முந்தின ராத்திரியே சுட்டு மூடி வைத்துவிட்டால் கவலையே இல்லை.

க்ரீம்: வெயிலோடு ஒரு ஒப்பந்தம்

வெண்ணெய் 30 டிகிரியைத் தாண்டும்போதே நன்றாக இளகி, 35-ஐ நெருங்கினால் உருகி ஓடும். சித்திரை, வைகாசியில் சென்னை, மதுரை, திருச்சி எங்கும் பகல் வெப்பம் அதற்கு மேல்தான். அதனால் விருந்து எங்கே, எந்த மாதம் என்பதைப் பொறுத்தே க்ரீமைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏசி அறையில் விருந்து, அல்லது மார்கழி, தை மாதம் என்றால் பட்டர்க்ரீம். முகம் வரைய இதற்கு நிகர் கிடையாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகும், தப்பாகப் போன கண்ணை நோண்டி எடுத்து மறுபடி வைக்கலாம். உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், ஐசிங் சுகர் 400 கிராம், பால் ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன். விரலால் அழுத்தினால் குழிவிழும் பதத்தில் இருக்கும் வெண்ணெய்யைத் தனியாக ஐந்து நிமிடம் பீட்டரில் அடியுங்கள், வெளுத்துவிடும். பிறகு சர்க்கரையைச் சலித்து மூன்று முறையாகச் சேருங்கள். இளகினால் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே போக வேண்டாம், தித்திப்பு தாங்காது. பாத்திரத்தோடு பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி அடித்தால் போதும். மிக்ஸியில் பொடித்த சர்க்கரை எவ்வளவு சலித்தாலும் நாக்கில் நறநறக்கும். பெரியவர்கள்தான் அதைச் சொல்லிக் காட்டுவார்கள், பிள்ளைகள் கண்டுகொள்ள மாட்டார்கள்.

வெட்டவெளியில் விருந்து என்றால், பேக்கிங் சாமான் கடைகளில் உறைந்த பாக்கெட்டாகக் கிடைக்கும் தாவரக் கொழுப்பு விப்பிங் க்ரீம். ஃப்ரிட்ஜில் வைத்து மெல்ல உருகவிட்டு, இன்னும் நன்றாகச் சில்லென்று இருக்கும்போதே அடிக்க வேண்டும். பாத்திரத்தையும் பீட்டர் கம்பியையும் முன்னாலேயே ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். ருசியில் பட்டர்க்ரீமுக்குக் கிட்டே வராது, மெல்லிய கோடும் இதில் கூர்மையாக நிற்காது. ஆனால் வெயிலில் பட்டர்க்ரீமைவிட நேரம் தாங்கும். மளிகைக் கடையில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் க்ரீமை அடித்துக்கொண்டு கை நோகாதீர்கள். அது எழும்பாது. பட்டர் சிக்கனுக்கு ஆகும்.

வெண்ணெய்யில் பாதியை எடுத்துவிட்டு டால்டா போட்டால் உருகாது என்ற யோசனையும் வரும். சீக்கிரம் உருகாதுதான், ஆனால் மேல் அண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பிடிக்காது.

நிறம்: கறுப்பைக் கோக்கோவிலிருந்து தொடங்குங்கள்

க்ரீமுக்குக் கூழ்போல் கெட்டியாக இருக்கும் ஜெல் கலர்தான் சரி. கேசரிக்குப் போடும் தண்ணீர்க் கலர் க்ரீமை இளக்கிவிடும். டூத்பிக் நுனியில் தொட்டுக் கலக்கி, பத்து நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி. நேரம் ஆக ஆக நிறம் தானே அடர்த்தியாகும். ராத்திரி வெளிர் ஆரஞ்சாக இருந்தது காலையில் நரி நிறத்துக்கு வந்திருக்கும்.

வெள்ளைக் க்ரீமில் கறுப்பு ஜெல்லைக் கொட்டிக் காக்கா செய்யப் போனால் அரை டப்பா தீர்ந்தும் சாம்பல்தான் வரும், கசக்கவும் செய்யும். அதற்குப் பதில், க்ரீமில் இரண்டு டேபிள்ஸ்பூன் கோக்கோ பவுடரைச் சலித்துப் போட்டு அடர்பழுப்பாக்குங்கள். அதன்மேல் கால் டீஸ்பூன் கறுப்பு ஜெல், ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ். காலையில் காக்கா நிறம். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் கறுப்பு நாக்கிலும் பல்லிலும் ஒட்டத்தான் செய்யும். மறுநாள் காலை சில வீடுகளில் டயப்பரைப் பார்த்து அம்மாக்கள் பதறுவதும் உண்டு. அதனால் விருந்து முடிந்து கிளம்பும்போதே "கலர் க்ரீம் சாப்பிட்டிருக்கிறான்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

கலர் பாட்டிலில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் சேர்மானப் பட்டியலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது, துணிச் சாயமான ரோடமின் பி அதில் கலந்திருந்ததால்தான். பொட்டலம் கட்டி விற்கும் பெயரில்லாத பொடி எதையும் பிள்ளைகள் தின்னும் பண்டத்தில் சேர்க்காதீர்கள். அனுமதி உள்ள கலரிலும் அளவு முக்கியம். டார்ட்ரசின், சன்செட் யெல்லோ உள்ளிட்ட ஆறு செயற்கை நிறங்கள் சேர்ந்த பண்டங்களில் 'குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும்' என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010-இலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. அதற்காகப் பயந்து ஒதுங்க வேண்டாம். கப்கேக் முழுவதையும் அடர்நிறத்தில் மொழுகாமல், அடையாளத்துக்கு மட்டும் நிறம் வைத்தாலே பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

இளஞ்சிவப்புக்குப் பீட்ரூட் பொடி, மஞ்சளுக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், நீலத்துக்கு உலர்ந்த சங்குப்பூவை ஊறவைத்துச் சுண்டக் காய்ச்சிய சாறு. சங்குப்பூச் சாறில் எலுமிச்சை பட்டால் ஊதாவாகிவிடும், அதையும் ஒரு நிறமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். வெண்ணெய் மஞ்சளாக இருக்கும்போது நீலம் போட்டால் பச்சை வரும். அதைத் தவிர்க்க, வெண்ணெய்யைக் கூட நேரம் அடித்து வெளுக்க வைத்து, ஊசி முனையளவு ஊதாவைச் சேர்த்தால் மஞ்சள் அடங்கும். பாட்டியின் நரைத்த கொண்டைக்கும் இதே வித்தை.

கோன்: மெகந்தி போட்ட கைக்குத் தனியாகப் பாடம் வேண்டாம்

நாசில், அதாவது க்ரீம் பிழியும் உலோக முனை, செட்டாக வாங்கினால்தான் முடியும் என்றில்லை. மெகந்தி கோன் சுற்றத் தெரிந்தவர்களுக்குப் பட்டர் பேப்பரை முக்கோணமாக வெட்டிக் கோன் சுற்றத் தெரியும். பாதி அளவுக்கு மேல் நிரப்பாமல், மேல்பக்கத்தை மடித்து, நுனியை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெட்டுங்கள். கண், மூக்கு, கண்ணாடி எல்லாம் இதிலேயே போடலாம். காசு செலவழிப்பதானால் இரண்டே இரண்டு நாசில்: ரோஜாச் சுருள் வரும் 1எம் நட்சத்திர நாசில், முடியும் புல்லும் வரும் 233.

உள்ளங்கைச் சூட்டில் கோனுக்குள் இருக்கும் க்ரீம் உருகும். அதனால் பெரிய கோன் ஒன்றுக்குப் பதில் சின்னதாக இரண்டு. ஒன்று கையில், ஒன்று ஃப்ரிட்ஜில், மாற்றி மாற்றி. முதலில் கவிழ்த்த எவர்சில்வர் தட்டின்மேல் நாலைந்து முகம் போட்டுப் பழகுங்கள். வழித்தெடுத்து மறுபடி கோனில் போட்டுக்கொள்ளலாம். கோலத்தில் புள்ளி வைப்பதுபோல்தான் இதுவும்: பரப்புக்குச் சற்று மேலே கோனைப் பிடித்து, அழுத்தி, அழுத்தத்தை நிறுத்திய பிறகே கையை எடுக்க வேண்டும். அழுத்திக்கொண்டே எடுத்தால் புள்ளிக்கு வால் முளைக்கும்.

இனி நால்வரும்

நால்வருக்கும் முதல் வேலை ஒன்றுதான். ஒரு டீஸ்பூன் க்ரீமை மெல்லியதாகத் தடவி உதிரும் கேக் தூளையெல்லாம் ஒட்டவைத்து, பதினைந்து நிமிடம் ஃப்ரிட்ஜில். பிறகு அந்தந்த நிறத்தில் இன்னொரு பூச்சு. வெந்நீரில் முக்கித் துடைத்த கத்தியால் ஒருமுறை இழுத்துவிட்டால் வழவழப்பாகும்.

*காக்கா* (நாலு): கறுப்புப் பூச்சு. நம் வீட்டுக் காக்காவுக்குக் கழுத்து சாம்பல் நிறம், அண்டங்காக்காவுக்குத்தான் முழுக் கறுப்பு. ஆகவே கீழ் ஓரத்தில் பிறைபோல் ஒரு சாம்பல் பட்டை தடவுங்கள். பெரியவர்கள் இதைத்தான் முதலில் கவனித்துச் சிரித்தார்கள். கண்ணுக்கு இரண்டு வெள்ளைப் புள்ளி, அதன்மேல் உருக்கிய சாக்லேட்டில் சின்னப் புள்ளி. அலகு ஃபாண்டன்ட்டில் சின்னக் கூம்பு. கறுப்பின்மேல் கறுப்பு தெரியாது என்பதால் அடர்சாம்பல் ஆக்கினேன். மஞ்சள் வைத்தால் மைனாவாகிவிடும். அலகுக்குக் கீழே மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குட்டி ஃபாண்டன்ட் வடை. நடு ஓட்டையை ஸ்ட்ராவால் குத்தாதீர்கள், பெரிதாகிவிடும். டூத்பிக் போதும்.

*நரி* (நாலு): ஆரஞ்சில் துளி கோக்கோ கலந்த பூச்சு. இரு பக்கமும் வெள்ளைக் க்ரீமில் கன்னம், மூக்கை நோக்கிக் குவிய வேண்டும். காதுக்கு இதய வடிவச் சர்க்கரை பிஸ்கட்டைக் கூர் மேலே தெரியக் கவிழ்த்துச் செருகினேன், கேக்குக்குள் பாதி இறங்க வேண்டும். மூக்கும் கண்ணும் சாக்லேட் சிப்ஸ். மூக்குக்குக் கூர் மேலே, கண்ணுக்குக் கூரை உள்ளே அமுக்கித் தட்டைப் பக்கம் வெளியே. "ஒரு பாட்டுப் பாடு" என்று கேட்கிற முகம் வேண்டுமானால் ஒரு கண்ணை மட்டும் கோடாகப் போட்டுக் கண்ணடிக்க வையுங்கள்.

*வடை* (மூன்று): எனக்கு இதுதான் செல்லம். பழுப்புக் க்ரீமை நுனியை அகலமாக வெட்டிய கோனில் வளையமாகச் சுற்றி, நடுவில் ஓட்டை விட்டு, விரலைக் குளிர்ந்த நீரில் தொட்டு மேலே லேசாகத் தட்டுங்கள். பச்சை டூட்டி ஃப்ரூட்டியைப் பொடியாக நறுக்கி இரண்டு மூன்று துண்டு ஒட்டினால் கறிவேப்பிலை. கடைசியில் நாட்டுச் சர்க்கரையை ஒரு சிட்டிகை தூவினால் எண்ணெய்யில் பொரிந்த மொரமொரப்பு தெரியும். விருந்துக்கு வந்த ஒரு தாத்தா சட்னி எங்கே என்றார்.

*பாட்டி* (ஒன்று): 'ஸ்கின் கலர்' என்று விற்கும் வெளிர்சிவப்பை வாங்காதீர்கள், நம் பாட்டி யாருக்கும் அந்த நிறமில்லை. வெள்ளைக் க்ரீமில் கோக்கோவும் ஒரு பொட்டு ஆரஞ்சும். மேல் ஓரத்தில் வெள்ளையில் 233 நாசிலால் முடியை இழுத்து, உச்சியில் ஒரு சுருளாகக் கொண்டை. சாக்லேட் கோனில் வட்டக் கண்ணாடி, உள்ளே புள்ளிக் கண், மூக்கின் ஒரு பக்கம் மஞ்சள் புள்ளியாக மூக்குத்தி. வாய் கொஞ்சம் கோணலாக வந்தால் விட்டுவிடுங்கள், பொக்கைவாய்.

சிங்கம் கேட்கும் பிள்ளைக்கு ஒரு குறிப்பும் சொல்லிவிடுகிறேன். பிடரிக்கு, தீபாவளிக்கு வந்து யாரும் பிரிக்காமல் கிடக்கும் சோன்பப்டியை உதிர்த்து ஓரமெல்லாம் ஒட்டுங்கள். அச்சாகப் பிடரிதான். ஆனால் ஈரம் இழுத்துச் சுருங்கிவிடும், பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒட்ட வேண்டும். பாண்டாவுக்குக் க்ரீம் பிஸ்கட்டின் பாதி காதாகும், யானைக்கு மேரி பிஸ்கட்டின் இரண்டு பாதி.

டிவி கதாபாத்திரம்தான் வேண்டும், இல்லாவிட்டால் அழுகை என்றால் சர்க்கரைத் தாளில் அச்சிட்ட படம் வாங்கி ஒட்டுவது கேவலமில்லை. மெல்லிய வேஃபர் தாள் ஈரக் க்ரீமில் சுருங்கும், சர்க்கரைத் தாள்தான் சமமாகப் படியும். அச்சிட்ட மை உண்ணத்தகுந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

ஃபாண்டன்ட்டும் கடற்கரை ஊரும்

அலகு, குட்டி வடை, காது போன்றவற்றை மூன்று நாள் முன்னாலேயே செய்து காயவிட வேண்டும். ஈரக் காற்றில் வெறும் ஃபாண்டன்ட் இறுகவே இறுகாது. 250 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் சிஎம்சி பவுடர் (ஃபாண்டன்ட்டை இறுக வைக்கும் பொடி, பேக்கிங் சாமான் கடையில் கேளுங்கள்) பிசைந்து, கையில் சோளமாவு தொட்டு உருட்டி, ஃபேன் காற்றில் தட்டில் பரப்பி வையுங்கள். காய்ந்ததும் அட்டைப் பெட்டியில் போடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடினால் வியர்க்கும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தாலும் அதே கதை, பிசுபிசுவென்று கலர் வழியும். என் பெங்குவினுக்கு நடந்தது இதுதான் என்று அப்புறம்தான் புரிந்தது. ஃபாண்டன்ட்டைக் கடைசி ஒரு மணி நேரத்தில் மட்டும் கப்கேக்கில் ஏற்றுங்கள்.

ஃபாண்டன்ட், மார்ஷ்மெல்லோ பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பல மார்ஷ்மெல்லோக்களில் ஜெலட்டின் இருக்கும், சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாது.

வாயில் மாட்டிக்கொள்பவை

நாலு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் முழு முந்திரி, பாதாம், கடினமான மிட்டாய், மார்ஷ்மெல்லோ, பளபளக்கும் வெள்ளி உருண்டை எதையும் கண்ணாகவோ மூக்காகவோ வைக்காதீர்கள். மூச்சுக் குழாயில் சிக்கக்கூடியவை. காய்ந்த ஃபாண்டன்ட்டும் கல்லுதான். அலகையும் வடையையும் நான் சின்னதாகச் செய்வதே அதனால், குட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது எடுத்துவிட்டுக் கொடுப்பேன். தலையை நிறுத்த டூத்பிக் செருகும் பழக்கத்தை மறந்தே விடுங்கள். ஒட்டவில்லையா, கொஞ்சம் உருக்கிய சாக்லேட் போதும். வேர்க்கடலை, பால் ஒவ்வாமை உள்ள பிள்ளை உண்டா என்று அழைக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு க்ரீமில்லாத கேக்கை இரண்டு மூன்று தனியாக எடுத்து வைத்துவிடுவேன். சர்க்கரை குறைவு, சட்டையும் தப்பிக்கும்.

நேரக் கணக்கு

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு விருந்து என்றால், வியாழன் ராத்திரி ஃபாண்டன்ட் வேலை. சனி மாலை கேக் சுட்டு, ராத்திரி கறுப்பையும் ஆரஞ்சையும் கலந்து வைப்பது. ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் இரண்டு பூச்சும் முடித்து ஃப்ரிட்ஜில். மதியம் சாப்பாடு முடிந்து இரண்டரை மணிக்கு ஏசி அறையில் உட்கார்ந்து முகம். பன்னிரண்டு முகத்துக்கு முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒவ்வொன்றாக முடிக்காதீர்கள். எல்லா நரிக்கும் கன்னம், பிறகு எல்லாவற்றுக்கும் கண் என்று போனால்தான் கை பழகி ஒரே மாதிரி வரும்.

நாலரைக்கு ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும்போது பெட்டியை மூடியபடியே இருபது நிமிடம் வெளியே வையுங்கள். உடனே திறந்தால் சில்லென்ற க்ரீமின்மேல் காற்றின் ஈரம் படிந்து காக்காவின் கண்ணிலிருந்து கறுப்புக் கண்ணீர் வழியும். பட்டர்க்ரீம் வெளியில் நிற்பதற்கு நம் ஊரில் இரண்டு மணி நேரம்தான் கணக்கு, மொட்டை மாடியில் அதுகூட இல்லை. மண்டபத்துக்கு எடுத்துப் போவதென்றால் காரின் டிக்கியில் வைக்க வேண்டாம், அது அடுப்பு. காலடியில் ஏசி படும் இடத்தில், சமமாக. பள்ளம் வைத்த கப்கேக் பெட்டி கிடைக்காவிட்டால் அட்டையில் வட்டம் வெட்டிப் பதித்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வருகிற பிள்ளைகள், அவர்களின் தம்பி தங்கைகள், அதற்கு மேல் நாலு. பிள்ளைகள் பாதிப் பேர் க்ரீமை நக்கிவிட்டுக் கேக்கை அம்மா கையில் கொடுப்பார்கள், அதனால் சின்ன மினி கப்பில் சுட்டாலும் நஷ்டமில்லை.

பாட்டி கதையில் ஒருத்திதானே, ஒன்று போதும் என்று நினைத்து ஒன்றே ஒன்று செய்திருந்தேன். மெழுகுவத்தி அணைந்த மறுநொடி ஏழு கைகள் பாட்டியின் கொண்டைக்கு நீண்டன. வடையெல்லாம் அப்படியே இருக்க, பாட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது அந்தப் பக்கத்து வீட்டுப் பையன். இப்போதெல்லாம் நாலு பாட்டி செய்கிறேன்.